1,20,000 ரூபாயில் தொடக்கப் பள்ளிக்கு டேப்: எத்தனை வாங்கலாம், எப்படி நடத்தலாம்?

செங்காந்தள் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். மொத்தம் 41 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை 24 பேர் உதவி ஆசிரியரிடம், நான்கிலும் ஐந்திலும் 17 பேர் என்னிடம்.

எங்களிடம் படித்து இப்போது ஓசூர், திருப்பூர், பெங்களூரு என்று வேலையில் இருக்கும் பிள்ளைகள் சேர்ந்து 1,20,000 ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். "பிள்ளைங்களுக்கு டேப் வாங்கிக் குடுங்க டீச்சர்" என்று கேட்கிறார்கள். கடையில் விசாரித்தேன். ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு வாங்கினால் இருபது வரும். பத்தாயிரத்துக்கு மேல் கொஞ்சம் நல்லதாகப் பார்த்தால் பத்துதான். ஆளுக்கு ஒன்று என்பது எப்படிப் பார்த்தாலும் நடக்காது.

எனக்கு ஒரு பயம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நன்கொடையாக வந்த ஆறு டேப்கள், வந்த அன்று படம் எடுத்ததோடு பீரோவுக்குள் போயின. நான் மாறுதலாகிப் போகும் நாளில் இருப்புப் பதிவேட்டுக்காக எடுத்துப் பார்த்தேன். ஆறும் வீங்கிக் கிடந்தன. அது இங்கேயும் நடந்துவிடக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சர்வீஸ் மேசை

வணக்கம் டீச்சர். வேலூர்ப் பக்கம் 14 வருடமாக மொபைல் சர்வீஸ் செய்கிறேன். பள்ளிக்கூட டேப்களும் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்தக் கோணத்தில் மட்டும் சொல்கிறேன்.

ஆறு டேப்பும் வீங்கியதற்குக் காரணம், உபயோகிக்காமல் வைத்ததுதான். லித்தியம் பேட்டரியை முழுக்கக் காலியாக விட்டு மாதக்கணக்கில் பூட்டினால் அது செத்துவிடும். முழு சார்ஜோடு வெயிலில் காயும் அறையில் வைத்தாலும் கெடும். மே மாத லீவுக்குப் பூட்டும்போது பாதி சார்ஜில் அணைத்து, சுவர் சூடாகாத இடத்தில் வையுங்கள். நடுவில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் கையில் முதலில் போவது சார்ஜிங் ஜாக். அடுத்தது டிஸ்பிளே. கண்ணாடியும் டிஸ்பிளேயும் ஒட்டியே வரும், நாங்கள் காம்போ என்போம். ஐயாயிரம் ரூபாய் டேபுக்கு அந்தக் காம்போ கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் டேப் விலையில் பாதியைக் கேட்பார்கள். அதனால் விலையைப் பார்க்கும் முன்பு, பக்கத்து டவுனில் இந்த மாடலுக்குக் காம்போ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எல்லாமே ஒரே மாடலாக இருக்கட்டும். இரண்டு கெட்டால் ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றைப் பிழைக்க வைக்கலாம். ராம், அதாவது டேப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், 4 ஜிபிக்குக் கீழே போக வேண்டாம். முனை நான்கும் மூடும் ரப்பர் கவர் கண்டிப்பாக வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு 2006

டீச்சர், பணம் திரட்டிய குழுவில் நானும் ஒருத்தி. நீங்கள் இங்கே கேட்டிருப்பதை ஒரு தம்பி அனுப்பினான்.

எங்கள் விருப்பம் என்னவென்றால், முடிந்தவரை நிறையப் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். நாங்கள் படித்தபோது கம்ப்யூட்டரைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்தோம். காலேஜ் லேபில் மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் நான் நின்ற நாள் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இருபது என்று கேட்கிறோம். விலை குறைவாக இருந்தால் என்ன டீச்சர், பாடம் ஓடினால் போதாதா?

நூலகத் தெரு

> விலை குறைவாக இருந்தால் என்ன டீச்சர், பாடம் ஓடினால் போதாதா?

அக்கா, இந்தக் கேள்வியை நம் நாடே ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கிறது. 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல், மாணவர்களுக்கான மலிவு விலை ஆகாஷ் டேபை அறிமுகம் செய்தார். அரசுக்கு ஒன்று சுமார் 2,250 ரூபாய்க்குக் கிடைத்தது, மாணவர்களுக்கு மானியத்தில் அதைவிடக் குறைந்த விலை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் உள்ளே இருந்தது மெதுவான 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், வெறும் 256 எம்பி ராம். விரலால் தொட்டால் போதாது, அழுத்த வேண்டிய திரை. பேட்டரி அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே தொடுதிரையும் பிராசசரும் மாற்றி ஆகாஷ் 2 வந்தது, அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். ஆனாலும் அறிவித்த வேகத்தில் அது வகுப்பறைகளுக்குள் போய்ச் சேரவில்லை. நோக்கம் நல்லது. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குள் பொருளை அடக்கப் பார்த்ததுதான் பிரச்சினை.

பெரு நாட்டின் கதை இதைவிட முக்கியம். "ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்" திட்டத்தில் அங்கே எட்டு லட்சத்துக்கும் அதிகமான சிறிய லேப்டாப்களைக் கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு 2012ல் வந்தது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு அடையாளமே இல்லை. பொருள் கைக்கு வந்தது, பிள்ளைகள் ஆசையாகப் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்பது ஆசிரியருக்குச் சரியாகச் சொல்லித் தரப்படவில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்கிறேன். டெல்லியில் 619 பிள்ளைகளை வைத்து, பள்ளி முடிந்த பிறகு கணினி மென்பொருளில் பாடம் நடத்திய மைண்ட்ஸ்பார்க் மையங்களை ஆராய்ந்தார்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் இருந்தவர்களும் 2019ல் வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். காரணம் எளியது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. அந்த மென்பொருள் அந்தப் பிள்ளையை ஆறாம் வகுப்புக் கணக்கில் உட்கார வைக்கவில்லை. அது நிற்கும் படியிலிருந்தே ஆரம்பித்தது.

கருவிக்குப் பின்னால் என்ன வேலை இருக்கிறது என்பதுதான் கணக்கு. எத்தனை டேப் என்பது அதற்கு அப்புறம்தான்.

பொன்வண்டு

நான் ஒரு அப்பா. இரண்டு பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

கொரோனாவின்போது பாடத்துக்காகப் பையன் கையில் போனைக் கொடுத்தேன். பாடம் முடிந்தது, போன் கையை விட்டுப் போக இரண்டு வருடம் ஆனது. இப்போதுதான் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறான். சுவீடன் போன்ற பணக்கார நாடே 2023ல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பப் பணம் ஒதுக்கியது. அதே ஆண்டு யுனெஸ்கோ அறிக்கையும் வகுப்பறையில் தொழில்நுட்பத்தை யோசித்துப் பயன்படுத்தச் சொல்கிறது. இந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு எத்தனை கதைப் புத்தகம் வரும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள் டீச்சர். புத்தகத்துக்கு சார்ஜ் போட வேண்டாம். கீழே விழுந்தால் உடையாது.

செங்காந்தள் டீச்சர்

பொன்வண்டு சார், கோபமே இல்லை. நீங்கள் சொன்னது என் மனதிலும் இருக்கிறது.

ஆனால் என் வகுப்பின் நிலையைச் சொல்கிறேன். நான்கும் ஐந்தும் ஒரே அறை. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித் தருகிறோம். அரும்புப் பிள்ளைகளோடு நான் உட்கார்ந்தால் மலர்ப் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். மலரோடு போனால் அரும்பு என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இருபது நிமிடத்துக்கு எனக்கு இன்னொரு கை வேண்டும். புத்தகம் அதைச் செய்யும், வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு யாராவது ஒலித்துக் காட்ட வேண்டுமே. அதற்குத்தான் கேட்கிறேன். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் எண்ணமே இல்லை.

சுண்ணாம்புக்கட்டி

டீச்சர், நான் தஞ்சாவூர் பக்கம் இடைநிலை ஆசிரியர். மூன்று வருடமாக ஐந்து டேப்களை வைத்து 28 பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆளுக்கு ஒன்று இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். முதல் மாதம் நான் ஐந்து பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். அறையே அமைதியாகிவிட்டது, அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்தேன். 402லிருந்து 187ஐக் கழிக்க வேண்டும், நடுவில் பூஜ்யம். வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு பையன்கள் சண்டை போட்டார்கள். "பூஜ்யத்துக்கிட்ட ஒண்ணும் இல்ல, அது யாருக்குக் கடன் குடுக்கும்?" என்றான் ஒருவன். "அது பக்கத்து வீட்ல வாங்கித்தான் குடுக்கும்" என்றான் மற்றவன். கடன் வாங்கிக் கழித்தலை நான் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. இரண்டு பேருக்கு ஒன்று, சின்ன வகுப்பில் மூன்று பேருக்கு ஒன்று. பேசிக்கொள்ள ஆள் வேண்டும்.

அடுத்தது, இணையத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். மலையடிவாரத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடுகளின் வீடியோக்களை அரசின் தீக்ஷா பாடச் செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்துவிடலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன, பிடிஎஃப் ஆகவே எடுக்கலாம். கொலிப்ரி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, நெட் இல்லாத பள்ளிகளுக்கென்றே செய்தது. ஒரு பழைய லேப்டாப்பில் போட்டு வைத்தால் அறைக்குள் இருக்கும் டேப் எல்லாம் அதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளும். நடுநிலைப் பள்ளி என்றால் ஃபெட் என்னும், திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளையும் சொல்லியிருப்பேன். உங்கள் பிள்ளைகளுக்கு அது இப்போது வேண்டாம்.

ஆனால் இவ்வளவுக்கும் மேலே நான் அதிகம் பயன்படுத்துவது எல்லா டேபிலும் சும்மாவே வரும் ஒன்று, குரல் பதிவு.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. 'மழை' என்பதை 'மளை' என்றுதான் வாசிப்பாள். எத்தனையோ முறை திருத்தியிருப்பேன். நான் சொல்லும்போது தலையாட்டுவாள், வாசிக்கும்போது பழையபடியே வரும். ஒருநாள் பதிவை ஓடவிட்டு வாசிக்கச் சொல்லி, அவள் காதிலேயே போட்டுக் காட்டினேன். முகத்தைச் சுளித்தாள். "சார், நான் இப்படியா சொல்றேன்?" என்றாள். மறுபடி வாசிக்கிறேன் என்று டேபை எடுத்துக்கொண்டு, வகுப்புச் சத்தம் கேட்காமல் இருக்க வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டாள். நானும் மற்ற பிள்ளைகளோடு மறந்துவிட்டேன். சாயங்காலம் டேப்களை எண்ணி வைக்கும்போது பார்த்தால் பதினொரு பதிவுகள். முதல் நான்கில் 'மளை'. ஐந்தாவதில் அந்தச் சொல் வரும் முன் நின்றுவிடுகிறாள், மூச்சு மட்டும் கேட்கிறது. ஒன்பதாவதில் 'மழை' வருகிறது. பத்தாவதும் பதினொன்றாவதும் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப, குரல் கொஞ்சம் உயர்ந்து. பின்னால் மணி அடிக்கும் சத்தம்.

பொன்வண்டு சார், அவள் வாசித்தது அச்சுப் புத்தகத்தைத்தான். டேப் அவள் குரலை அவளுக்குக் காட்டியது, அவ்வளவுதான்.

பொன்வண்டு

> அவள் வாசித்தது அச்சுப் புத்தகத்தைத்தான்.

இது நான் யோசித்துப் பார்க்காத விஷயம் சார். பார்ப்பதற்கு மட்டும்தான் அந்தப் பொருள் என்று நினைத்திருந்தேன். அப்படி என்றால் ஒரு பங்கைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாசித்துப் பதிவு செய்யவாவது புத்தகம் வேண்டும் இல்லையா?

ஐந்தாம் வகுப்பு 2006

சார், அந்தப் பதினொரு பதிவை வாசித்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டீச்சர், குழுவில் பேசினேன். இருபது வேண்டும் என்று இனிக் கேட்க மாட்டோம். ஆனால் ஒரு சிக்கல். கொடுத்த பணம் முழுக்கப் பொருளாக மேசை மேல் தெரிய வேண்டும் என்று சில அண்ணன்கள் எதிர்பார்க்கிறார்கள். ரிப்பேருக்கு என்று பணத்தை நிறுத்தி வைத்தால் "எங்க போச்சு" என்று கேட்பார்களே?

சர்வீஸ் மேசை

அவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து என்னிடம் வரும் டேப்களில் பாதிக்குமேல் சின்னக் கோளாறுதான். ஜாக் மாற்றினால் போதும். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டு "அதற்குச் செலவுத் தலைப்பு இல்லை, பிறகு வருகிறோம்" என்று எடுத்துப் போவார்கள். திரும்பி வர மாட்டார்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் சில நூறு ரூபாய்க்காக மூலைக்குப் போகிறது. பத்து டேப் வாங்கி ஒரு வருடத்தில் ஐந்தாகக் குறைவதைவிட, எட்டு வாங்கி நாலு வருடம் எட்டாகவே வைத்திருப்பது மேல்.

சார்ஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் பில் பயம் வேண்டாம். 5,000 எம்ஏஎச் டேப் ஒன்றுக்கு முழுச் சார்ஜுக்கு சுமார் 20 வாட் மணி. எட்டும் சேர்ந்து கால் யூனிட்கூட வராது. பிரச்சினை பிளக் பாயிண்ட்தான். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எட்டு சார்ஜரையும் தொங்கவிடாதீர்கள். எட்டு யூஎஸ்பி வாய் உள்ள நல்ல சார்ஜர் ஒன்று வாங்கி மரப்பெட்டிக்குள் பொருத்துங்கள், காற்று போகத் துளை இருக்கட்டும். ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுப் போக வேண்டாம். மதியத்துக்கு மேல், ஆள் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். வயர் ஹெட்போன் வாங்குங்கள், ஒன்றில் இரண்டு பேர் கேட்க ஸ்பிளிட்டர் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

நூலகத் தெரு

ஒரு விஷயம் விட்டுப்போனது. கென்யாவில் ஒரு நல்ல ஒப்பீடு செய்தார்கள், 2016ல் வெளிவந்தது. வாசிப்புத் திட்டம் ஒன்றில் ஒரு பிரிவில் பள்ளிகளைப் பார்வையிடும் வழிகாட்டிகளுக்கு டேப், ஒரு பிரிவில் ஆசிரியருக்கு டேப், ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே மின்வாசிப்பான், அதாவது மின்புத்தகம் படிக்கும் கருவி. மூன்றிலும் வாசிப்பு முன்னேறியது, ஆனால் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. செலவில்தான் மலைக்கும் மடுவுக்கும். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்ததுதான் அதிகச் செலவு.

நம் ஊரிலும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2024ல் அரசு கைக்கணினி கொடுத்தது இல்லையா? டீச்சர், உங்கள் இருவரிடமும் இருப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்காந்தள் டீச்சர்

எங்கள் இருவரிடமும் இருக்கிறது, ஆனால் அது மதிப்பீடு ஏற்றுவதற்கும் பாடம் காட்டுவதற்கும் எங்கள் பொறுப்பில் உள்ளது. பிள்ளைகள் கையில் கொடுக்கத் துணிந்ததில்லை.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒன்று புரிகிறது. பழைய பள்ளியில் ஆறு டேப்பும் பீரோவுக்குள் போனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பதிவேட்டில் ஒருவர் பெயரில் ஏற்றியாகிவிட்டது. ஒரு பிள்ளை கீழே போட்டால் கையெழுத்துப் போட்டவர் கைக்காசைக் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினோம். யாரும் அப்படி உத்தரவு போடவில்லை, யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை. பூட்டி வைத்தால் உடையாது. அதனால் பூட்டினோம்.

சுண்ணாம்புக்கட்டி

இதைத்தான் டீச்சர் நான் சொல்ல வந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். எங்கள் பள்ளியில் டேப் வாங்கும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். வகுப்பு நேரத்தில் உடைந்தால் ஆசிரியரும் பிள்ளையும் பொறுப்பு இல்லை, பழுது நிதியிலிருந்து சரி செய்யப்படும் என்று. பெற்றோர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று வருடத்தில் இரண்டு திரை உடைந்தது, ஒன்று என் கையிலேயே. இரண்டும் சரி செய்து ஓடுகின்றன. உடையலாம் என்று முதலிலேயே அனுமதி கொடுத்தால்தான் அது பீரோவை விட்டு வெளியே வரும்.

செங்காந்தள் டீச்சர்

சரி, கணக்குப் போட்டுவிட்டேன். எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரே மாடலில் எட்டு டேப், ஒன்று 10,500 வீதம் 84,000. கவரும் திரைக் கண்ணாடியும் 4,800. ஹெட்போன் பதினாறு, 4,000. ஸ்பிளிட்டர் எட்டு, 800. சார்ஜரும் மரப்பெட்டியும் 4,400, பெட்டி செய்ய ஊர் ஆசாரி கூலி வேண்டாம் என்றுவிட்டார், அவர் பேத்தி இரண்டாம் வகுப்பு. ஆக 98,000. மீதி 22,000ல் ஐயாயிரத்துக்குக் கதைப் புத்தகம், பொன்வண்டு சாருக்காக. 17,000 பழுது நிதி, பள்ளி மேலாண்மைக் குழுவின் (எஸ்.எம்.சி.) வங்கிக் கணக்கில் இருக்கும்.

எட்டு டேப் எங்களுக்குச் சரியாகவே பொருந்துகிறது. சின்ன வகுப்பின் 24 பேரும் மூன்று மூன்று பேராக உட்காரலாம். என் வகுப்பின் 17 பேரில் ஒரு டேபில் மட்டும் மூன்று பேர்.

2006 பிள்ளையே, அண்ணன்களிடம் சொல். அந்த 17,000மும் மேசை மேல் தெரியும். வங்கிப் புத்தகத்தை நகல் எடுத்து டேப் பெட்டியின் உள்மூடியிலேயே ஒட்டுகிறேன். ஒவ்வொரு செலவும் எந்தத் தேதியில், எதற்கு என்று கீழே எழுதுவோம்.

ஐந்தாம் வகுப்பு 2006

சொல்லிவிட்டேன் டீச்சர். இரண்டு அண்ணன்கள் உடனே சரி என்றார்கள். ஒருவர் மட்டும், டேப் கொடுக்கும் விழாவில் அவரே ஒரு பிள்ளைக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லித் தரலாமா என்று கேட்டார். ஓசூரில் அவர் கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறார்.

செங்காந்தள் டீச்சர்

அவனை முந்தின நாளே வரச் சொல். எட்டு டேபிலும் வீடியோக்களை இறக்க ஆள் வேண்டும், இங்கே சிக்னலுக்கு மொட்டை மாடியில்தான் நிற்க வேண்டும்.

வரும் புதன்கிழமை எஸ்.எம்.சி. கூட்டம். தீர்மானத்தை எழுதிப் பார்த்தேன்:

"பள்ளிக்கு நன்கொடையாகப் பெறப்பட்ட எட்டு கைக்கணினிகள் பள்ளி வேலை நேரத்தில் மாணவர்களின் பயன்பாட்டில் இருக்கும். பயன்பாட்டின்போது ஏற்படும் பழுதுக்கு மாணவரோ ஆசிரியரோ பொறுப்பாக்கப்பட மாட்டார்கள். செலவு பழுது நிதியிலிருந்து ஏற்கப்படும்."

சுண்ணாம்புக்கட்டி

நன்றாக இருக்கிறது டீச்சர். ஒரு திருத்தம். 'பழுது' என்று மட்டும் போடாதீர்கள், 'உடைப்பு' என்றும் சேருங்கள். எங்கள் தணிக்கையில் இரண்டும் வேறு என்று கேள்வி வந்தது.

செங்காந்தள் டீச்சர்

சேர்த்துவிட்டேன் சார். 'பழுது, உடைப்பு, தேய்மானம்' என்று மூன்றையும் போட்டிருக்கிறேன்.